பேரல்-ஐ மீனை வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் திருப்பூர் பிரிண்டிங் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி, குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு ஆழ்கடல் மீன்கள் வரைந்து காட்டினார். அதில் பேரல்-ஐ (barreleye, அதாவது பீப்பாய்க் கண்) என்ற மீனும் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு, புள்ளி மாறாமல். பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

கலர் வழிவது, ஸ்கிரீன் அடைப்பது எல்லாம் தானாகப் பழகிவிடும். மீனுக்கு வருவோம்.

மூக்கைக் கண்ணாக்குவது

இந்த மீனின் வாய்க்கு மேலே இரண்டு கருங்குழிகள் தெரியும். மனுச முகம் பார்த்தே பழகிய நமக்கு அவை கண்ணாகத்தான் படும். ஆனால் அவை மூக்கு. நிஜக் கண்கள் தலைக்குள்ளே, திரவம் நிறைந்த கண்ணாடி போன்ற கூட்டுக்குள், பச்சை முனையோடு நிற்கும் இரண்டு குழல்கள். நான் மூக்குக் குழியில் வெள்ளைப் புள்ளி வைத்து முழி போட்டேன். பச்சை உருண்டைகளை மூளை என்று நினைத்து, மடிப்பு மடிப்பாகக் கோடும் இழுத்தேன்.

சாம்பிள் ஓகே ஆனது. 1,200 பீஸ் அடித்து, கியூரிங் (மையைச் சூட்டில் காயவைப்பது) முடிந்து, பேக்கிங்குக்குப் போன பிறகுதான் ஆர்டர் கொடுத்த பையருக்கு உறைத்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏங் கண்ணு, மீனுக்கு மூளை வெளியவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மொத்த லாட்டும் திருப்பூர் காதர்பேட்டை துணிச் சந்தைக்கு அடிமாட்டு விலைக்குப் போனது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மேக்ரோபின்னா மைக்ரோஸ்டோமா என்று இதற்குப் பெயர் வைத்தது 1939-ல். ஆனால் வலையில் மேலே வரும்போது அந்த மென்கூடு சிதைந்துவிடும். அதனால் கூடு இருப்பதே தெரியாமல், கண்கள் மேலே பார்த்தபடி அசையாமல் நிற்பவை என்று நம்பினார்கள். கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா ஆய்வு நிறுவனத்து புரூஸ் ராபிசனும் கிம் ரைசன்பிக்லரும் 600 முதல் 800 மீட்டர் ஆழத்தில் ரோபோ கேமராவால் இதைப் பார்த்து, கண்கள் கூட்டுக்குள்ளேயே முன்னால் திரும்பும் என்று 2008-ல் எழுதினார்கள். ஆகவே கூடு இல்லாத பழைய படத்தைப் பார்த்து வரையாதீர்கள்.

படத்தை அப்படியே ரொட்டேட் செய்வது

சாதாரணமாக இந்த மீன் கிடைமட்டமாக, கண் மேலே பார்க்க, அசையாமல் மிதக்கும். இரை தெரிந்தால் உடம்பு செங்குத்தாகும். பார்வை இரையைவிட்டு நகராது. கம்ப்யூட்டரில் முழுப் படத்தையும் திருப்பினால் கண்களும் சேர்ந்து திரும்பி, முதுகுப் பக்கம் வேடிக்கை பார்க்கும். கண்ணைத் தனி லேயரில் வையுங்கள்.

கூட்டுக்கு வெள்ளை பேஸ் அடிப்பது

பேஸ் என்றால் கலருக்கு அடியில் போடும் வெள்ளைப் பூச்சு. நேவி ப்ளூ துணியில் அடித்துப் பாருங்கள், அவித்த முட்டை மாதிரி இருக்கும். துணியை அப்படியே விட்டு, ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று போதும்.

கோரைப் பல்

மைக்ரோஸ்டோமா என்றாலே சிறுவாய். மீனே 15 செ.மீ.தான்.

தலையில் தூண்டில் விளக்கு

அது வேற மீன்.

போன சித்திரையில் அவிநாசித் தேருக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு குழந்தை, அப்பா தோளில் உட்கார்ந்து கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தது. மேலே அந்த டி-ஷர்ட். அண்ணன்காரனிடமிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும், துணி வெளுத்து நூல் பிரிந்திருந்தது. பிரிண்ட் மட்டும் துளி உரியவில்லை.