பீச்சுல போட்டோ எடுக்கும்போது நாம பண்ற தப்புகள்

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெரினா போயி, கடலுக்குள்ள சூரியன் இறங்குற மாதிரி ஒரு போட்டோ வேணும்னு நின்னா அது கிடைக்கவே கிடைக்காது. நம்மளுது கிழக்குக் கடற்கரை, சூரியன் கடல்ல இருந்து ஏறி வரும், இறங்குறது நம்ம முதுகுக்குப் பின்னாடி பில்டிங் பக்கம். இது தெரியாம கேமராவத் தூக்கிட்டுப் போயி ஏமாந்து வர்றவங்க நெறைய பேரு. கடல்ல தங்க கலர் வேணும்னா காலையில தான் போகணும், சென்னையில மே கடைசியில எல்லாம் 5:40 வாக்குல சூரியன் வந்துரும், ஜனவரியில 6:30 தாண்டும். அதுக்கும் அரை மணி நேரம் முன்னாடியே மணல்ல நிக்கணும்ங்க, ஏன்னா வானத்துல நல்ல கலரு வர்றது பெரும்பாலும் சூரியன் தலை காட்டுறதுக்கு முன்னாடி தான். எட்டு மணி ஆச்சுன்னா வெளிச்சம் முரடாயிடும், உச்சி வெயில்ல எடுத்தா கண்ணுக்குக் கீழ கருப்பா குழி விழுந்த மாதிரி நிழல் வரும்.

சாயங்காலம் தான் முடியும்னா பௌர்ணமியப் பாத்துப் போங்க. அன்னிக்கு சூரியன் மறையுற நேரத்துல தான் நிலா கடல்ல இருந்து எழும்பி வரும். என்னக் கேட்டா பௌர்ணமிக்கு மொத நாள் இன்னும் நல்லது, நிலா கொஞ்சம் முன்னாடியே வந்துரும், வானத்துல வெளிச்சம் மிச்சம் இருக்குறதால நிலாவும் அலையும் ரெண்டுமே போட்டோவுல தெரியும், நல்லா இருட்டிட்டா நிலா வெறும் வெள்ளைப் பொட்டு தான்.

அடுத்தது மூஞ்சி கருப்பா விழுறது. சூரியன் ஆளுக்குப் பின்னாடி இருந்தா கேமரா வானத்தோட வெளிச்சத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கும், ஆளு இருட்டாயிடுவாரு. போன்ல முகத்து மேல விரல வச்சா பக்கத்துல சின்னதா ஒரு சூரியன் ஐகான் வரும், அத மேல இழுங்க, முகம் தெளியும், ஆனா வானம் வெளுத்துப் போகும். ரெண்டும் ஒண்ணா வேணும்னு அடம்பிடிக்காம எது வேணும்னு முடிவு பண்ணிக்கணும். வானம் தான் வேணும்னா ஆளை பக்கவாட்டுல திரும்பச் சொல்லி, கை உடம்போட ஒட்டாம கொஞ்சம் விலக்கி வைக்கச் சொல்லுங்க, அப்போ தான் நிழலுருவம் அழகா இருக்கும், இல்லன்னா ஒரு கருப்பு மூட்டை மாதிரி தான் வரும்.

அடிவானம் சாயுறது எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு, கேமராவுல கிரிட் லைன் (திரையில குறுக்கும் நெடுக்குமா வர்ற கோடுங்க) ஆன் பண்ணிட்டா தீந்துச்சு. ஆனா அந்த அடிவானக் கோடு ஆளோட கழுத்துக்கு நேரா போறத யாரும் கவனிக்கிறதில்ல. கழுத்த வெட்டின மாதிரி இருக்கும். போனை கொஞ்சம் கீழ இறக்கினா கோடு நெஞ்சுக்கோ இடுப்புக்கோ வந்துரும், தலை வானத்துல தனியா நிக்கும்.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு கடல் ஒண்ணு இருந்தா போதும்னு நினைக்கிறது தான். வெறும் கடலும் வானமும் எடுத்தா ரெண்டு நீலப் பட்டை, அவ்ளோ தான். கண்ணு எங்கயாச்சும் போயி உக்காரணும். பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு நாள் காலையில ஒரு அண்ணன் வலை பிரிச்சிட்டு இருந்தாரு, "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கவா"ன்னு கேட்டேன், "எடுத்துக்கப்பா"ன்னு சொல்லிட்டு அவரு வேலையப் பாத்தாரு. கால் பெருவிரல்ல வலைய மாட்டி இழுத்துப் பிடிச்சிருந்தாரு, விரல் இடுக்குல ஈர மணலு, வலையில ஒரு சின்ன நண்டு, பின்னாடி கடல் மங்கலா. அன்னிக்கு எடுத்த நூத்துக்கணக்கான போட்டோவுல எனக்குப் பிடிச்சது அது ஒண்ணு தான். கேக்காம மட்டும் எடுக்காதீங்க, அது அவங்க வேலை பாக்குற இடம்.

மணல்ல ஃப்ரேம் பாக்குறதுக்கு முன்னாடியே அங்க நடந்து போயிடாதீங்க, கால் தடத்த அழிக்க முடியாது. அலை பின்வாங்கினதும் ஈர மணல் ரெண்டு மூணு செகண்டு கண்ணாடி மாதிரி இருக்கும், போனை தரைக்குப் பக்கத்துல வச்சுக் காத்திருந்து அப்போ அழுத்துங்க. அலை தெறிக்கிறது உறைஞ்சு நிக்கணும்னா ஷட்டர் (கேமரா வெளிச்சத்த உள்ள விடுற நேரம்) 1/1000 செகண்டு, பாலு மாதிரி வழியணும்னா அரை செகண்டு, நடுவுல 1/30ல எடுத்தா ரெண்டுங்கெட்டானா தான் வரும். ட்ரைபாட (கேமராவ நிறுத்துற முக்காலி) வச்ச உடனே அழுத்தாதீங்க, அலை வந்து போகும்போது அதோட காலு மணல்ல இறங்கும், நல்லா அமுக்கி விட்டுட்டு எடுங்க.

ஏசி ரூம்ல இருந்து நேரா பீச்சுக்கு வந்தா லென்ஸ்ல பனி மாதிரி படியும், பையிலயே அரை மணி நேரம் விட்டுருங்க. மணல் ஒட்டின லென்ஸ சட்டை நுனியால தேய்ச்சா கோடு விழுந்துரும், மொதல்ல காத்தடிச்சு மணல உதிர்க்கணும். காத்து வீசுற இடத்துல லென்ஸ் மாத்தவே கூடாது, நான் ஒரு தடவை மாத்தி சென்சார்ல (கேமராவுக்குள்ள படத்தப் பதியுற பாகம்) மணல் போயி சர்வீஸுக்குக் குடுக்க வேண்டியதாச்சு. ஐபி68 (தண்ணி, தூசி தாங்கும்னு குடுக்குற ரேட்டிங்) போன்னு சொல்லி கடல் தண்ணியில முக்குறவங்களுக்கும் ஒண்ணு, அந்த டெஸ்ட் நல்ல தண்ணியில பண்றது, உப்புத் தண்ணிக்கு இல்ல. நனைஞ்சிருந்தா ஈரத் துணியால உப்பத் தொடைச்சு, போர்ட் நல்லா காயுற வரைக்கும் சார்ஜ் போடாதீங்க.

அப்புறம் போஸ் குடுக்குறவங்க கடலுக்கு முதுகு காட்டி நிக்கிறாங்கல்ல, அப்போ அலையப் பாக்க வேண்டியது கேமரா பிடிச்சவரு தான். வங்காள விரிகுடா அலை சட்டுனு ஏறி வரும், குழந்தைங்கள நிக்க வச்சா பக்கத்துல கைக்கு எட்டுற தூரத்துல ஒரு பெரியவர் நிக்கணும், அவரு ஃப்ரேம்ல வந்தா வந்துட்டுப் போகட்டும்.