உப்புத் தண்ணீரில் தூண்டில் போட்டு வந்ததும் ரீலுக்கு என்ன செய்யணும்

முட்டுக்காட்டிலோ பாம்பனிலோ காலை முழுக்கத் தூண்டில் போட்டுவிட்டு வந்து ரீலை (நரம்பு, அதாவது தூண்டில் நூல், சுற்றியிருக்கும் சக்கரம்) அப்படியே மூலையில் சாய்த்து வைக்காதீர்கள், உப்பு சீக்கிரமே வேலையைக் காட்டிவிடும். முதலில் டிராக் குமிழை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே போகணும் என்று வைக்கும் திருகை, நன்றாக இறுக்குங்கள், அப்போதுதான் அதன் உள்ளே இருக்கும் வாஷர்களுக்குள் தண்ணீர் போகாது. அப்புறம் நல்ல தண்ணீரைத் தூறல் மாதிரி மேலே தெளித்தால் போதும். பக்கெட்டில் முக்குவதும் பைப்பை அழுத்திப் பீய்ச்சுவதும் வேண்டவே வேண்டாம், கழுவ வேண்டிய உப்பு பேரிங் வரைக்கும் உள்ளே போய்விடும்.

துடைத்து நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே விட்டால் வாஷர்கள் நசுங்கி, அடுத்த முறை மீன் இழுக்கும்போது நரம்பு திக்கித் திக்கித்தான் போகும்.

பலர் மறப்பது லைன் ரோலரை. நரம்பை ரீலில் சுற்றிவிடும் வளைந்த பெயில் கம்பியின் ஓரத்தில், நரம்பு உரசிக்கொண்டு போகும் சின்ன உருளை அது. விரல் நுனியால் உருட்டிப் பாருங்கள், சுற்றாமல் நின்றால் நரம்பு தேய்ந்து, நல்ல மீன் மாட்டும் நேரத்தில் அறுந்துவிடும். ஒரு சொட்டு ரீல் எண்ணெய் விடுங்கள்.

முள் பக்கம் இருக்கும் இரண்டு மீட்டர் நரம்பையும் விரலிடுக்கில் இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் வெட்டிவிடுங்கள், துண்டைக் கரையில் போடாதீர்கள், கொக்குகளின் காலில் சிக்கும்.