மாயாவியை ஒரே மூச்சில் படிக்காதீர்கள்

இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்கள் சிலர் இப்போது ஆங்கில மூலத்தைத் தொகுப்பாக வாங்குகிறார்கள். வாங்கிய வேகத்தில் படித்து முடித்துவிட்டு, "சின்ன வயசில் இருந்த சுவாரசியம் இல்லையே" என்று அலமாரியில் செருகிவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் கதையில் இல்லை, படிக்கிற விதத்தில்தான்.

மாயாவி 1962 அக்டோபரில் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில், அதன் முதல் இதழிலேயே அறிமுகமானவர். பல தொடர்கள் கலந்து வந்த இதழ் அது. இவருக்கு வாரம் இரண்டு மூன்று பக்கம்தான். அதற்குள் போன வாரக் கதையை நினைவுபடுத்த வேண்டும், ஒரு துரத்தல் வேண்டும், கடைசிக் கட்டத்தில் ஆளை ஆபத்தில் மாட்டிவிட்டு 'தொடரும்' போட வேண்டும். நூறு பக்கத்தை ஒரே ராத்திரியில் படித்தால் இந்த எலும்புக்கூடுதான் கண்ணில் படும். மறுபடியும் மின்சாரம் பாய்ந்து, இரும்புக்கை மட்டும் தெரிய மறைகிறார், மறுபடியும் யாரோ அந்தரத்தில் அந்தக் கையைப் பார்த்து அலறுகிறார். நானும் அப்படிப் படித்துச் சலித்தவன்தான். அப்புறம் நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன். ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ நிழலை எப்படித் தீட்டியிருக்கிறார் என்று நின்று பார்க்க அப்போதுதான் பொறுமை வந்தது.

நாயகன் என்றால் முதல் பக்கத்திலிருந்தே நல்லவன் என்று எதிர்பார்ப்பது அடுத்த தவறு. மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டெல், விபத்தில் வலது கையை இழந்த ஆய்வுக்கூட உதவியாளர். மறையும் சக்தி கிடைத்ததும் அவர் ஊருக்கு உழைக்கப் போகவில்லை, குற்றத்தில் இறங்கினார். உளவாளி வேலையெல்லாம் பிற்பாடு. 1965இல் 'லயன்' இதழில் வந்த ஸ்பைடர் இன்னும் மோசம்: பேராசிரியர் பெல்ஹாம், ராய் ஆர்டினி என்று இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு குற்ற உலகத்துக்கே ராஜாவாகப் பார்த்தவர். பின்னால் மற்ற வில்லன்களை ஒடுக்கப் போனதுகூட மனம் திருந்தி அல்ல, "என்னைவிடப் பெரியவன் எவன்?" என்கிற தலைக்கனத்தில்தான். அந்தத் தலைக்கனத்தை ரசிக்க முடியாவிட்டால் ஸ்பைடரை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

இவரை மார்வெலின் ஸ்பைடர்மேனோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. வலை பொது, மற்றபடி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உண்மையான அமெரிக்க உறவு வேறு இடத்தில் இருக்கிறது: டெட் கோவன் தொடங்கிய இந்தத் தொடரை 1966 முதல் எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். எழுதியவர், வரைந்தவர் பெயரை அச்சிடும் வழக்கம் அந்த இதழ்களில் இல்லாததால் அன்றைய சிறுவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

பழைய இதழ்களையே தேடி வாங்குபவர்கள் ஆண்டில் ஏமாறுகிறார்கள். அட்டையில் 1968 என்று போட்ட ஆண்டு மலர் 1967 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக வந்தது. இன்னொன்று, விற்பனை சரிந்த இதழை இன்னொன்றோடு இணைத்துவிடுவது அன்று அங்கே சகஜம். 1974இல் 'லயன்' வார இதழ் 'வேலியன்ட்'டுக்குள் போனது, 1976இல் 'வேலியன்ட்' 'பேட்டில்' இதழுக்குள் போனது. ஆகவே 1975 தேதியிட்ட 'லயன்' வார இதழ் வேண்டும் என்று கடை கடையாக அலையாதீர்கள். அப்படி ஒன்று அச்சாகவே இல்லை.