பங்குனிக் கடற்கரையில் வலசைப் பறவைகள்: மரக்காணம் முதல் தனுஷ்கோடி வரை

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களில் பலர் மார்கழி, தை மாதங்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பெருங்கூட்டம் பார்க்க அதுவே சரியான காலம். ஆனால் சேற்றோரம் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் நிறத்தோடு பார்க்க வேண்டுமானால் மார்ச் 10க்கு மேல் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் போக வேண்டும்.

குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒன்றுபோலத் திரிந்தவை, வடக்கே கிளம்புமுன் இறகு மாற்றும். சிறு மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செம்பட்டை விழும். ஆணுக்குக் கண்ணை ஒட்டிக் கறுப்பு முகமூடியும் வரும். வளைமூக்கு உள்ளானின் அடிப்பகுதியில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்கும். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் காதருகே இருந்த ஒற்றைப் பொட்டு மறைந்து தலையே பழுப்பாகிவிடும். ஒரே கூட்டத்தில் மாறியதும் பாதி மாறியதும் மாறாததும் கலந்து நிற்கும். மாறாதவற்றைப் பார்த்து வேறு இனம் என்று எழுதிவிட வேண்டாம். அவற்றில் பல முதலாண்டுப் பறவைகள். சில கோடையிலும் இங்கேயே தங்கிவிடும்.

மரக்காணம் முதல் தனுஷ்கோடி வரையிலான இந்தப் பயணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் திட்டமிட்டால் கெட்டுப்போகும். வெளிச்சத்தையும் தண்ணீரையும் வைத்தே நேரத்தை வகுக்க வேண்டும். பங்குனியில் காலை ஒன்பதரைக்கு மேல் உப்பளத்தில் கானல் ஆடத் தொடங்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கியிலும் பறவை நெளியும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் இன்னும் மோசம். ஆக, ஆறு முதல் ஒன்பதரை வரையும், மாலை நான்குக்கு மேலும்தான் பார்க்கும் நேரம். நடுப்பகல் வண்டி ஓட்டுவதற்கு.

கிழக்குக் கடற்கரையில் காலைச் சூரியன் கடலுக்கு மேலே நிற்கும். கடலைப் பார்த்து நின்றால் பறவைகள் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். காலையில் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே உள்ள நீர்நிலைகளைப் பாருங்கள். அலைக்கரையை மாலைக்கு வையுங்கள்.

நான்கு நாள் இருந்தால் வழி இப்படி அமையும். சென்னையிலிருந்து அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால் விடியும்போது மரக்காணம். அங்குள்ள கழுவேலி நீர்நிலையின் கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே பார்த்தால் கூழைக்கடா, கரண்டிவாயன், பவளக்காலி எல்லாம் நல்ல வெளிச்சத்தில் கிடைக்கும். பத்து மணிக்குக் கிளம்பி, புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாக இருட்டுமுன் வேதாரண்யம் சேர்ந்துவிடலாம். இரவுத் தங்கலும் சாப்பாடும் அங்கேயே. கோடியக்கரை சுமார் 11 கிலோமீட்டர்தான். வனத்துறை விடுதி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

கோடியக்கரைக்கு இரண்டாம் நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது. 2002இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. புதிதாக வருகிறவர்கள் வெள்ளை வெளேரென்று உப்பு விளைந்த பாத்திகளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்துகிறார்கள், அங்கே ஒன்றும் இருக்காது. உப்பு உறையும் அளவுக்குக் கரித்த நீரில் இரை கிடையாது. கடல்நீரைத் தேக்கிவைக்கும் பெரிய நீர்ப்பரப்புகளின் ஓரத்தில், கணுக்கால் ஆழத் தண்ணீரும் ஈரச்சேறும் சேருமிடத்தில் தேடுங்கள். கொசு உள்ளான் சேற்றின் விளிம்பில் ஓடும், வளைமூக்கு உள்ளான் வயிறு நனைய நின்று குத்தும், பூநாரை இன்னும் உள்ளே. உப்பளம் தனியாருடையது என்றால் கேட்டுவிட்டே வரப்பில் ஏறுங்கள். சதுப்பில் இறங்காதீர்கள்: மேலே காய்ந்த உப்புத்தோல் இருக்கும், கீழே முழங்கால் வரை களி.

மூன்றாம் நாள் முத்துப்பேட்டை, மணமேல்குடி, தொண்டி வழியாக ராமேசுவரம். நீண்ட ஓட்டம், வழியில் ஆசைப்பட்டு எல்லா முகத்துவாரத்திலும் நிறுத்தினால் மாலை வெளிச்சம் போய்விடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், காரங்காட்டு அலையாத்திக் காடு நல்ல தேர்வு.

நான்காம் நாள் தனுஷ்கோடி. காலையில் சாலை திறந்ததும் நேரே அது முடியும் அரிச்சல்முனை வரை போய்விட்டு, திரும்பி வரும்போது பாருங்கள். போகும்போது கண்ணில் அடித்த சூரியன் வரும்போது முதுகில் இருக்கும். பட்டைவால் மூக்கன், கல்திருப்பி உள்ளான், கடற்காகங்கள், ஆலாக்கள் இவை பெரும்பாலும் கிடைக்கும். கறுப்பு வெள்ளை உடலும் தடித்த கறுப்பு அலகும் கொண்ட நண்டுண்ணி கிடைத்தால் அந்தப் பயணமே அதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பாம்பன் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால் தரை அவ்வளவு தட்டை என்பதால் ஒரு சாண் வற்றினாலே பெரிய திட்டு வெளிப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் கூடுதல். காற்று தண்ணீரைத் தள்ளினால் அட்டவணை தவறும். உள்ளூர் மீனவர் யாரிடமாவது முந்தின நாளே "எத்தனை மணிக்கு வற்றும்?" என்று கேட்டுவிடுவது நல்லது. தார்ச்சாலையை விட்டு மணலில் வண்டியை இறக்கினால் இழுக்க ஆள் தேட வேண்டியதுதான்.

சாமான்: 8×42 இருகண்ணோக்கி போதும். கூட்டத்தில் ஒருவருக்காவது முக்காலியோடு 20–60 மடங்கு ஒற்றைத் தொலைநோக்கி இருந்தால் உள்ளான்கள் வசப்படும். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். கடற்காற்றில் கண்ணாடி மேல் உப்புப் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும். முதலில் சுத்தமான தண்ணீரில் நனைத்த துணி, பிறகு உலர்ந்தது.

கூட்டம் மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள், இன்னும் இரண்டடி வைத்தால் பறந்துவிடும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கக் கொழுப்பு சேர்க்கும் நேரத்தில் ஒவ்வொரு விரட்டலும் அவற்றுக்கு நஷ்டம்.

காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக மாட்டிய வண்ணக் கொடியோ வளையமோ தெரிந்தால் இனத்தின் பெயரை எழுதுமுன் இதைக் குறியுங்கள்: எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்னென்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து. பறவைக்கு இடக்கால் எது என்பதைப் பறவையின் பக்கத்திலிருந்தே கணக்கிட வேண்டும். எதிரே நிற்கும்போது மாற்றி எழுதுவதுதான் வழக்கமாக நேரும் பிழை. தேதி, இடம், மங்கலானாலும் ஒரு படம் சேர்த்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பலாம்; கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிடுகிறவர்கள் அவர்கள்தான்.