புரோட்டீன், பெப்டைட் இங்க்ல திசு பிரிண்ட் பண்றது எப்படி

பயோபிரிண்டிங், அதாவது செல் கலந்த ஜெல்லை இங்க்கா வச்சு 3டி பிரிண்டர்ல திசு மாதிரி அடுக்கறது, புதுசா ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் எடுத்தவுடனே செல்லை இங்க்ல கலந்துடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. வெறும் ஜெல்லை ஒழுங்கா பிரிண்ட் பண்ண வந்த பிறகு செல் பக்கம் போங்க. உருவம் அழகா நிக்கணும்னு இங்க்கை கெட்டியாக்கிட்டே போனா உள்ள இருக்கற செல் கை கால் நீட்ட இடமில்லாம உருண்டையாவே கிடக்கும், அதனால எவ்வளவு இளக்கமா வச்சும் உருவம் நிக்குதுன்னு கண்டுபிடிக்கறதுதான் இதுல முக்கால்வாசி வேலை.

முதல்ல ஜெல்மா எடுத்துக்கங்க. ஜெலட்டினை கொஞ்சம் மாத்தினதுதான், குளிர்ந்தா தானா உறையும், போட்டோஇனிஷியேட்டர் (லைட் பட்டதும் ஜெல்லை இறுக வைக்கிற பொருள்) சேர்த்து லைட் காட்டினா நிரந்தரமா இறுகிடும். பிபிஎஸ்ல (செல்லுக்கு ஒத்துக்கற உப்புக் கரைசல்) ஜெல்மா 5லேர்ந்து 10 சதவீதம், கூட எல்ஏபிங்கற போட்டோஇனிஷியேட்டர் 0.25 சதவீதம் போட்டு சூட்டுல கரைச்சு, ஆறறதுக்குள்ள 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டிடுங்க, ஆறிட்டா ஃபில்டர் அடைச்சுக்கும். லைட் படாம இருக்க சிரிஞ்சுக்கு ஃபாயில் சுத்திடுங்க.

அடுத்து சூடு. 37 டிகிரில தண்ணியா ஓடும், அப்படியே 20-25 டிகிரி பக்கம் இறக்கி நாசில் (இங்க் வர்ற முனை) வழியா காத்துல கொஞ்சம் தள்ளிப் பாருங்க. சொட்டு சொட்டா விழுந்தா இன்னும் சூடு இருக்கு, முண்டும் முடிச்சுமா பிஞ்சு வந்தா ரொம்ப குளிர்ந்துடுச்சு, நூலா தொங்குச்சுன்னா அதான் பதம். பேட்ச் மாறினா பதமும் மாறும், ஒவ்வொரு தடவையும் பாத்தே ஆகணும். நேரான ஊசியை விட கூம்பு நாசில் நல்லது, கம்மி பிரஷர்ல வரும், செல்லுக்கு அடி கம்மி.

பிரிண்ட் ஆனதும் 405 நானோமீட்டர் லைட். ரொம்ப நேரம் காட்டினா அதுல உண்டாகற ஃப்ரீ ராடிக்கல் செல்லைக் கொல்லும், பத்தலைன்னா இன்குபேட்டர்ல கரைஞ்சு போயிடும், அதனால செல் இல்லாத ஒரு துண்டை ராத்திரி முழுக்க 37 டிகிரி மீடியத்துல (செல் வளர்க்கற திரவம்) போட்டு வச்சு எவ்வளவு நேரம் போதும்னு முடிவு பண்ணுங்க.

கொலாஜன், உடம்புத் திசுல இருக்கற புரோட்டீன், செல்லுக்கு ரொம்ப பிடிச்ச இடம், ஆனா தனியா நிக்காது. ஐஸ்ல வச்சே பிஎச்சை 7.4 பக்கம் கொண்டு வரணும், சூடு ஏறினா உறைய ஆரம்பிச்சுடும். கார்னகி மெலன்ல ஆடம் ஃபைன்பெர்க் டீம் 2015ல ஃப்ரெஷ்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, ஜெலட்டின் துகள் குழம்புக்குள்ளயே பிரிண்ட் பண்ணி அப்புறம் 37 டிகிரிக்கு சூடாக்கினா குழம்பு உருகி ஓடிடும், பிரிண்ட் மட்டும் நிக்கும். 2019ல இதே வழியில கொலாஜன்ல இதய பாகங்களே பண்ணிக் காட்டினாங்க, எனக்கு இன்னைக்கும் பிரமிப்பு தான்.

பெப்டைட்ல (சின்ன அமினோ அமிலத் தொடர்) ஆர்ஏடிஏ16 பிரபலம், வெறும் 16 அமினோ அமிலம், உப்பு பட்டதும் தானா நானோ இழையா கோத்து ஜெல்லாகும். என்ன இருக்குன்னு துல்லியமா தெரியும், மிருகத்துலேர்ந்து எடுக்கறதில்ல, செல் பிடிச்சு நிக்க ஆர்ஜிடிங்கற மூணு அமினோ அமிலத் தொடரையும் சேர்த்துக்கலாம். ஆனா கரைசல் அமிலத்தன்மை உள்ளது, செல்லை 10 சதவீத சுக்ரோஸ்ல எடுத்து கலந்து உடனே மீடியம் ஊத்துங்க, தாமதிச்சா செத்துடும்.

செல் எம்எல்லுக்கு 10 லட்சத்துலேர்ந்து 1 கோடி வரை போடலாம். ஆக்சிஜன் 200 மைக்ரானுக்கு மேல உள்ள போறது கஷ்டம், இடைவெளி விட்டு கட்டம் கட்டமா பிரிண்ட் பண்ணுங்க.

மறுநாள் லைவ்-டெட் சாயம் போட்டுப் பாருங்க, பச்சை உயிரோட இருக்கறது, சிவப்பு செத்தது. கூடவே அதே இங்க்கை பிரிண்ட் பண்ணாம அச்சுல ஊத்தி அதே லைட் காட்டின ஒரு துண்டும் கட்டாயம் வேணும். ரெண்டுலயும் சிவப்பா இருந்தா இங்க்கையோ லைட்டையோ பாருங்க, பிரிண்ட்ல மட்டும் சிவப்புன்னா பிரஷரைக் குறைங்க.