பார்ட்டிஷன் மாற்றியபின் கணினி திறக்கவில்லையா? உடனே ஃபார்மட் செய்யாதீர்கள்

மண்டபம் என்ற ஊரில் எங்கள் மாமாவின் மீன் கம்பெனிக் கணக்கெல்லாம் ஒரு பழைய விண்டோஸ் 7 கணினியில்தான் இருக்கிறது. இடம் பற்றவில்லை என்று 100 எம்பி அளவில் சும்மா கிடந்ததுபோல் தெரிந்த ஒரு பார்ட்டிஷனை (ஹார்டு டிஸ்க்கைப் பிரித்து வைத்த ஒரு பகுதி) அழித்துவிட்டார், மறுநாள் கறுப்புத் திரையில் 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வந்து நின்றது. பயப்பட வேண்டாம். அழிந்தது கணினியைத் தொடங்கி வைக்கும் கோப்புகள் இருந்த 'சிஸ்டம் ரிசர்வ்டு' பகுதி மட்டும்தான், கணக்கு அப்படியே இருக்கும்.

முதலில் பயாஸில் (கணினியை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய அமைப்புத் திரை) ஹார்டு டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். நம்ம ஊர் உப்புக் காற்றில் கேபிள் முனைகள் களிம்பு பிடித்துப்போகும், மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டினாலே சில சமயம் சரியாகிவிடும்.

டிஸ்க் தெரிந்தால், விண்டோஸ் 7 டிவிடியிலிருந்து தொடங்கி, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாக, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போய், 'டிஸ்க்பார்ட்' கட்டளையில் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து 'ஆக்டிவ்' (கணினி தொடங்க வேண்டிய பகுதி) ஆக்குங்கள். இங்கே சி டிரைவ் என்பது டி என்று மாறித் தெரியலாம், அதனால் எழுத்தை நம்பாமல் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது, தப்பான பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். அப்புறம் அதே டிவிடியில், தொடக்கக் கோப்புகளைச் சரிசெய்யும் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஓடவிடுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் விட்டுவிடாதீர்கள், மாமா கணினிக்கு மூன்றாவது முறைதான் திறந்தது. திறந்த கையோடு கணக்கை ஒரு பென்டிரைவில் எடுத்துவிட்டோம்.