நாள் முழுக்க ரோட்டோரம் நின்னு விக்கிறவங்க உடம்பைப் பாத்துக்கறது எப்படி

பிளாட்பாரத்துலயோ தள்ளுவண்டியிலயோ கடை போட்டிருக்கவங்களுக்கும், அவங்க வீட்டுப் பிள்ளைங்க படிச்சு சொல்றதுக்கும் இத எழுதுறேன். உடம்பப் பாத்துக்கங்கன்னா எல்லாரும் தண்ணி நெறைய குடிங்கம்பாங்க, ஆனா அதுக்கு முன்னாடி பேச வேண்டியது டாய்லெட் பத்தி. போறதுக்கு எடம் இல்ல, போனா கடைய யாரு பாக்குறதுன்னு காலைலேர்ந்தே தண்ணியக் கொறச்சுக்கறாங்க, பொம்பளைங்க ரொம்ப. நீர்க்கடுப்பு, யூரின் இன்பெக்ஷன், கிட்னி கல்லு, வெயில்ல மயக்கம்னு பாதி தொந்தரவு அங்கேர்ந்துதான் கிளம்புது.

அதனால எடம் பிடிக்கும்போது கூட்டம் எங்க வருதுன்னு பாக்குற மாதிரியே, நடந்து போற தூரத்துல கழிப்பறை எங்க இருக்கு, எத்தன மணிக்குப் பூட்டுவாங்க, உள்ள தண்ணி வருதான்னும் பாத்து வைங்க. பக்கத்துக் கடை அக்காகிட்டயோ அண்ணன்கிட்டயோ முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தி மாத்தி போயிட்டு வாங்க, அவசரம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. மாதவிடாய் நாள்ல நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒரே பேடு வேண்டாம். யூரின் அடர் மஞ்சளா போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம், எரிச்சலோ காய்ச்சலோ சேந்து வந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க.

இப்ப வெயில். தாகம் எடுக்கட்டும்னு இருக்காம கால் மணியிலேர்ந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிங்க, மொத்தமா ஒரு பாட்டில கவுக்கறத விட இதுதான் உடம்புல நிக்கும். ரொம்ப வேர்த்தோ வயித்தால போயோ தளந்துட்டா 1 லிட்டர் சுத்தமான தண்ணில 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டி அளந்து போட்டு குடிங்க, உப்பு கூடிடக் கூடாது. பிரஷர், சுகர் இருக்கவங்க இத தினமும் குடிக்கிற பானமா வச்சுக்காதீங்க. தார்ப்பாய தலையோட ஒட்டுற மாதிரி கட்டாம உயரத் தூக்கி, ரெண்டு பக்கமும் காத்து போற மாதிரி கட்டுங்க.

பக்கத்துல ஒருத்தர் குழறிப் பேசினா, சம்பந்தமில்லாம நடந்துக்கிட்டா, உடம்பு நெருப்பா கொதிச்சா அது ஹீட் ஸ்ட்ரோக், உயிர் போற விஷயம். உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, நிழலுக்குத் தூக்கிட்டுப் போயி உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க. நினைவு தப்பினவங்க வாயில மட்டும் எதையும் ஊத்திடாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

புகை விஷயத்துல மனசு வலிக்கும், ஏன்னா வியாபாரம் நடக்குறது சிக்னல்கிட்டயும் பஸ் ஸ்டாப்லயும்தான், வண்டிங்க நின்னு உறுமுறதும் அங்கதான். வெளிக்காத்து மாசு புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013லயே சொல்லிடுச்சு. கைக்குட்டை கட்டினா தூசி கொஞ்சம் நிக்கும், டீசல் புகையோட நுண்துகள் நிக்காது, முகத்தோட ஒட்டி உக்கார்ற என்95 மாஸ்க்தான் அதுக்கு ஆகும். முடிஞ்சா சிக்னல விட்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கைக்குழந்தைய அங்க வச்சுக்காதீங்க. மழைன்னு நாலு பக்கமும் தார்ப்பாய மூடிக்கிட்டு உள்ள கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தலவலி கிறுகிறுப்புன்னு ஆரம்பிச்சு ஆளயே கொன்னுடும்.

சுட்டுக்கிட்டா பேஸ்ட், மாவு எதுவும் தடவாம ஓடுற தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க. நின்னு நின்னு கால் நரம்பு புடைக்குதுன்னா ஒரு செங்கல் போட்டு கால மாத்தி மாத்தி வைங்க, கூட்டம் இல்லாதப்ப உக்காருங்க.

கடைசியா ஒண்ணு, டாய்லெட்டும் குடிதண்ணிக் குழாயும் ஒரு ஆளு கேட்டு வர்றதில்ல. வெளியேத்திடுவாங்களோன்னு பயந்து தூக்கம் போறதும் உடம்பக் கெடுக்குற விஷயம்தான், அதுக்கும் தனியா மருந்து கிடையாது. உலகத்துல 200 கோடி பேர் இப்படி முறைசாரா வேலைலதான் இருக்காங்கன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018ல சொன்னுச்சு, தெரு வியாபாரிங்க சங்கங்கள ஒண்ணு சேக்குற ஸ்ட்ரீட்நெட் இன்டர்நேஷனல் 2002லேர்ந்தே இருக்கு. நீங்களும் உங்க தெருவுல எத்தன கடை, எத்தன பொம்பளைங்க, கழிப்பறை எவ்வளவு தூரம்னு ஒரு தாள்ல எழுதி, எல்லார் கையெழுத்தும் வாங்கி, சேந்து போயி நகராட்சில குடுங்க, குடுத்ததுக்கு ரசீது வாங்கிட்டு வாங்க.